தக்காளிக்கு எத்தனை லிட்டர் டீசல்?

இரவு பன்னிரண்டு மணி வாக்கில் கோயம்பேடு மார்க்கெட் வாசலில் நின்று பாருங்கள். மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் தக்காளிப் பெட்டி ஏற்றிய லாரிகள், நாசிக் வெங்காய மூட்டைகள், ஊட்டி கேரட் என்று வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரே புகை, ஹாரன், சுமை இறக்குபவர்களின் கூச்சல். காலை ஏழு மணிக்குத் தெருமுனைக் கடையில் அந்தத் தக்காளியைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்க்கும்போது, அந்தப் புகை உங்கள் நினைவுக்கு வராது. வந்தாலும் என்ன செய்வது என்று தெரியாது.

சாப்பாட்டை இவ்வளவு தூரம் வண்டியில் கொண்டுவருவதால் சுற்றுச்சூழல் எவ்வளவு கெடுகிறது? பதில் நாம் சாதாரணமாக நினைப்பதுபோல் இல்லை. பேனாவும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள், நாமே கணக்குப் போட்டுவிடலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரே ஒரு விவரம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு (பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு) வெளிவருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ. ஒரு லிட்டர் எரிபொருள் ஒரு கிலோகூட எடை இல்லையே, அதிலிருந்து இரண்டரை கிலோ வாயு எப்படி என்று கேட்பீர்கள். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. கூடுதல் எடை அங்கிருந்து வருகிறது.

இப்போது தக்காளி. மதனப்பள்ளியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். பத்து டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 லிட்டர் டீசல், 135 கிலோ கரியமில வாயு. அதைப் பத்தாயிரம் கிலோ தக்காளிக்குப் பங்கு போட்டால் ஒரு கிலோவுக்கு 13 கிராம் சொச்சம் வருகிறது. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் வண்டி வெறுமனே திரும்பினாலும் 27 கிராமைத் தாண்டாது.

நாசிக் வெங்காயம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தாண்டி வருகிறதே, அது பயங்கரமாக இருக்குமே? பெரிய லாரியில் 25 டன், லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 40 கிராம். தூரம் ஐந்து மடங்கு கூடியும் புகை மூன்று மடங்குதான் கூடியது. வண்டி பெரிசு, லோடு முழுசு என்பதுதான் காரணம்.

அடுத்து உங்கள் ஸ்கூட்டர். கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்குப் போய் ஒரு கிலோ தக்காளி மட்டும் வாங்கித் திரும்புகிறீர்கள். போக வர நான்கு கிலோமீட்டர். லிட்டருக்கு 45 ஓடும் வண்டி என்றால் 200 கிராம் கரியமில வாயு. மதனப்பள்ளியிலிருந்து சென்னை வரைக்கும் அந்தத் தக்காளிக்கு ஆன புகையைப்போல் ஏழெட்டு மடங்கு, வண்டி வெறுமனே திரும்பியதையும் சேர்த்து! காரில் போயிருந்தால், நகர நெரிசலில் லிட்டருக்குப் பன்னிரண்டு என்று வைத்தால், 750 கிராமுக்கு மேல்.

இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். ரகசியம் ஒன்றுமில்லை. லாரி தன் புகையைப் பத்தாயிரம் கிலோவுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ஸ்கூட்டர் ஒற்றைக் கிலோவின் தலையில் மொத்தத்தையும் கட்டுகிறது.

"அப்படியானால் உணவு எவ்வளவு தூரம் பயணிக்கிறது என்பது முக்கியமே இல்லையா?" நியாயமான சந்தேகம். 'உணவு மைல்' என்ற சொல்லை 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் டிம் லாங் என்ற பேராசிரியர் உருவாக்கினார். நம் தட்டுக்கு வரும் பொருள் எங்கே விளைந்தது, வழியில் யார் யார் கைபட்டது என்று மக்களை யோசிக்க வைப்பது அவர் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் போகப்போக அது வெறும் தூரக் கணக்காகச் சுருங்கிவிட்டது. பக்கத்தில் விளைந்தால் நல்லது, தூரத்தில் விளைந்தால் கெட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த முடிவுக்கு அந்த நாட்டிலேயே சோதனை வந்தது. 2005இல் பிரிட்டிஷ் அரசுத் துறைக்காக நடந்த ஓர் ஆய்வு, தக்காளியையே எடுத்துப் பார்த்தது. குளிர்நாடான பிரிட்டனில் தக்காளி விளைய வேண்டுமென்றால் கண்ணாடிக் கூரை போட்டு உள்ளே சூடேற்ற வேண்டும். அப்படி விளைந்த உள்ளூர்த் தக்காளிக்கு டன்னுக்கு ஏறத்தாழ 2,400 கிலோ கரியமில வாயு. ஸ்பெயினில் வெயிலில் விளைந்து லாரியில் வந்ததற்கு 630 கிலோ. உள்ளூர்ப் பொருள் நான்கு மடங்கு மோசம்!

நமக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே வெயிலுக்குப் பஞ்சம் கிடையாது, தக்காளிக்கு யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. ஆனால் அதிலுள்ள விஷயம் நமக்கும் பொருந்தும். ஒரு பொருளின் பெரும்பங்குக் கேடு, பெரும்பாலும் அது லாரி ஏறுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

எப்படி? நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது சேற்றுக்குள் காற்று புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் (சாண எரிவாயுவில் எரிகிறதே, அதே வாயு) உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். யூரியா போடும்போது மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு இன்னும் பொல்லாதது. இவற்றையெல்லாம் சேர்த்தால் உலகச் சராசரியில் ஒரு கிலோ அரிசிக்கு நான்கு கிலோவுக்கு மேல் கரியமில வாயுக் கணக்கு வருகிறது. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு அந்த அரிசி லாரியில் வருவதற்கு இருபது கிராம் ஆகலாம். நான்காயிரத்தில் இருபது.

கறி, கோழி, பால் என்று போனால் இடைவெளி இன்னும் பெரிது. உலகச் சராசரியில் ஒரு கிலோ கோழிக்கறிக்குப் பத்து கிலோ, ஆட்டுக்கறிக்கு நாற்பது கிலோ. அசைபோடும் விலங்குகளின் வயிற்றிலும் மீத்தேன் உண்டாகிறது என்பதே காரணம். நம் ஊர் ஆடு மேய்ச்சலில் வளர்வது, கணக்கு கொஞ்சம் மாறும். ஆனாலும் பக்கத்துத் தெருவில் வெட்டிய ஆட்டைவிட நாசிக் வெங்காயம் எத்தனையோ மடங்கு சாது.

உலகம் முழுவதற்கும் மொத்தமாக எவ்வளவு? 2018இல் 119 நாடுகளின் 38,000க்கும் அதிகமான பண்ணைகளின் விவரங்களைத் தொகுத்த ஆய்வின்படி, உணவால் வரும் மொத்தக் கேட்டில் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம். 2022இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை 19 சதவீதம் என்றார்கள். யார் சொல்வது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். பின்னவர்கள் வயலுக்குப் போகும் உரம், எந்திரம் இவற்றின் பயணத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம். பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டாலும் மிச்சமுள்ள நான்கில் மூன்று பங்குக்கு மேல் வேறெங்கோ இருக்கிறது.

பருப்புக்கு வருவோம். உங்கள் வீட்டுத் துவரம்பருப்பு மொசாம்பிக்கிலோ தான்சானியாவிலோ விளைந்ததாக இருக்கலாம். இறக்குமதியாகும் உளுந்து பெரும்பாலும் மியான்மரிலிருந்து வருகிறது, மசூர் பருப்பு கனடா, ஆஸ்திரேலியாவிலிருந்து. கடல் தாண்டி வந்த பருப்பில் சாம்பார் வைக்கிறோமே என்று மனம் சங்கடப்பட வேண்டாம். கப்பல் நிதானமாகப் போகும், ஒரே நடையில் மலை மலையாகச் சுமக்கும். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக அதற்கு ஆவது ஏறத்தாழ 10 கிராம். ஐயாயிரம் கிலோமீட்டர் வந்த பருப்புக்குக் கிலோவுக்கு 50 கிராம். நாசிக் வெங்காயத்தோடு ஒப்பிட்டால் பத்து கிராம்தான் கூடுதல்.

அப்படியானால் பயப்படவே ஒன்றுமில்லையா? இருக்கிறது. விமானம்.

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக விமானத்துக்கு 1,000 கிராமுக்கு மேல் ஆகிறது. கப்பலைப்போல் நூறு மடங்கு. உலகில் பயணிக்கும் உணவில் விமானம் ஏறுவது மிகச் சொற்பம், ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் ஏறும் அந்தச் சொற்பத்துக்குத் தூரமே விதி. எது விமானத்தில் வந்தது என்று கடையில் யாரும் எழுதி ஒட்டுவதில்லை, நாம்தான் ஊகிக்க வேண்டும். சீக்கிரம் வாடும், விலை கூடும், வெகுதூரத்தில் விளையும் என்ற மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள். உறைய வைக்காமல் 'ஃபிரெஷ்' என்று விற்கும் நார்வே சால்மன் மீன், சீசன் இல்லாத காலத்துச் செர்ரி, ப்ளூபெர்ரி எல்லாம் இந்த ரகம். வெளிநாட்டு ஆப்பிள் இந்த ரகத்தில் சேராது. அது குளிர்பெட்டியில் கப்பலேறி வருகிறது.

லண்டனிலோ டொராண்டோவிலோ இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் ஊர்த் தமிழ்க் கடையில் பச்சைப் பசேலென்று கிடக்கும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் பெரும்பாலும் விமானத்தில் வந்தவை. சென்னையிலிருந்து லண்டன் 8,200 கிலோமீட்டர். ஒரு கிலோ முருங்கைக்காய்க்கு ஒன்பது கிலோ கரியமில வாயு. கோழிக்கறிக்கு ஆகும் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது! சாம்பாரை விட்டுவிடுங்கள் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. உறைய வைத்த முருங்கைக்காய்ப் பொட்டலம் அதே கடையின் ஃப்ரீசரில் இருக்கும். அது கப்பலில் வந்திருக்கும். சாம்பாரில் கொதித்த பிறகு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்த்துவிடலாம்; குளிர்காலத்தில் மட்டும் வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும்.

சரி, இதுவரை பேசியது எல்லாம் பூமி சூடாவதைப் பற்றி. மூக்கில் ஏறும் புகை? அது வேறு கணக்கு. டீசல் புகையின் நுண்துகள் ஊரில் உள்ளவர்களின் நுரையீரலில்தான் தங்கும். பகலில் நகருக்குள் கனரக வண்டிகளுக்குத் தடை இருப்பதால் லாரிகள் இரவில் மொத்தமாக நுழைகின்றன. மார்க்கெட்டைச் சுற்றிக் குடியிருப்பவர்களும், இரவெல்லாம் மூட்டை தூக்குபவர்களும், நடைபாதையில் தூங்குபவர்களும் அதைச் சுவாசிக்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் விற்கும் புது வண்டிகள் பிஎஸ் 6 தரத்தில் (புகையை வடிகட்டும் கருவியோடு) வருகின்றன. பழைய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கிலோவுக்கு 13 கிராம் என்ற சின்ன எண் இவர்களுக்கு ஆறுதல் தராது.

இந்த இடத்தில் ரயிலைச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தில் ஒரு டன்னை இழுக்க ரோட்டைவிட மிகக் குறைந்த எரிபொருள் போதும். 2020 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு முதல் கிசான் ரயில் புறப்பட்டது. காய்கனிக்குக் கட்டணத்தில் பாதி மானியமும் தந்தார்கள். நல்ல யோசனை. ஆனால் வயலிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து மண்டி என்று இரண்டு தடவை ஏற்றி இறக்க வேண்டும். தக்காளி மாதிரி நசுங்கும் பொருளுக்கு அது பிடிக்காது. லாரி வயல் வரப்புக்கே வந்து நிற்கும்.

நசுங்குவது என்று சொன்னேன் இல்லையா, விஷயமே அங்கேதான் இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் உள்ள நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவடையிலும் அதற்குப் பின்பும் வீணாகும் தக்காளி 12.44 சதவீதம். எட்டில் ஒன்று. கொய்யா 15.88 சதவீதம். ஒரு தக்காளி அழுகினால் அதற்கு விட்ட தண்ணீர், போட்ட உரம், எரித்த டீசல் எல்லாம் வீண். அதோடு முடியாது. கொடுங்கையூர், பெருங்குடி மாதிரிக் குப்பை மேட்டுக்குள் புதைந்து காற்றில்லாமல் மக்கும்போது அதுவும் மீத்தேனாகக் கிளம்பும்.

குளிர்சாதன லாரியில் ஏற்றினால் அழுகாதே? அழுகாது, ஆனால் இலவசமும் இல்லை. குளிரூட்டக் கூடுதல் டீசல் வேண்டும். கருவியிலிருந்து கசியும் வாயு இன்னொரு தொல்லை. ஆர்-134ஏ என்ற வாயு கரியமில வாயுவைவிட ஆயிரத்து நானூறு மடங்கு சூடேற்றும். வெங்காயம், உருளைக்கிழங்குக்குக் குளிர்சாதன லாரி தேவையே இல்லை. பால், மீன், கீரை, பெர்ரிக்குத் தேவை. என் கருத்தில், நாம் முதலில் செலவழிக்க வேண்டியது அதைவிடச் சாதாரண விஷயங்களுக்கு. மூட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டி, வயலோரத்தில் ஒரு நிழல் கொட்டகை, வெயிலுக்கு முன் பறிப்பது. இவை எந்த மாநாட்டிலும் கைதட்டல் வாங்காது, ஆனால் தக்காளி பிழைக்கும்.

"அப்படியென்றால் உழவர் சந்தைக்குப் போவதில் பயன் இல்லையா?" இருக்கிறது, நிறைய. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது யாரும் கரியமில வாயுவைப் பற்றிப் பேசவில்லை. தரகு இல்லாமல் விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. அந்தக் காரணம் இன்றும் செல்லும். காலையில் பறித்தது காலையிலேயே விற்பதால் அழுகல் குறைகிறது. அது சுற்றுச்சூழலுக்கும் லாபம்தான். ஒட்டன்சத்திரம் மண்டிக்குப் போன கத்திரிக்காய், பக்கத்து ஊர்க் கடைக்கே திரும்பி வரும் வேடிக்கையும் இல்லை.

ஆனால் தூரம் குறைவதால் புகை தானாகக் குறையும் என்று நினைக்காதீர்கள். பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்து ஒரு விவசாயி மொபெட்டில் 80 கிலோ காய் கொண்டுவந்து திரும்பினால், கிலோவுக்கு ஏறத்தாழ 17 கிராம். மதனப்பள்ளி லாரியும் அவரும் கிட்டத்தட்ட சமம். எப்படியும் ஓடப்போகும் டவுன் பஸ்ஸில் கூடையோடு அவர் ஏறி வந்தால்தான் கணக்கு அவர் பக்கம் சாயும்.

உங்கள் பங்குக்கு வருவோம். கடைக்குத் தனியாகக் கிளம்பாதீர்கள். வேலை முடிந்து வரும் வழியில், பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் வழியில் வாங்கினால், தக்காளியின் தலையில் அந்த 200 கிராம் ஏறாது. நடக்க முடிந்தால் நடங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் அரைக்கிலோ வாங்குவதற்குப் பதில், வெங்காயம், உருளை, பூசணி போன்ற தாங்கும் காய்களை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்குங்கள்.

போனில் சொன்னால் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறார்களே, அது? பையன் ஒரே நடையில் பத்து வீட்டுக்குக் கொடுத்தால் உங்கள் ஸ்கூட்டரைவிட நல்லது. மின்சார வண்டி என்றால் இன்னும் நல்லது. ஒரு கட்டு புதினாவுக்காக ஒரு பையன் ஒற்றை நடை ஓடிவந்தால் உங்கள் ஸ்கூட்டரும் அதுவும் ஒன்றுதான். அவசரம்தான் செலவு. நாளைக் காலைக்குள் வந்தால் போதும் என்று சொல்ல வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

தெருவில் தள்ளுவண்டியோ தலைக்கூடையோ வருகிறதா? மண்டியிலிருந்து குட்டி யானை வண்டியில் மொத்தமாக வந்த காயைக் கால்நடையாக உங்கள் வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். கடைசி இரண்டு கிலோமீட்டருக்குப் புகை பூஜ்யம். எந்த நிறுவனமும் இன்னும் இதைவிடச் சுத்தமான வீட்டு விநியோகத்தைக் கண்டுபிடிக்கவில்லை. பேரம் பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அரிசியில் நீங்கள் செய்யக்கூடியது குறைவு, விவசாயி செய்யக்கூடியது அதிகம். 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்ற முறையில், தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல் காயவிட்டு மறுபடி பாய்ச்சினால் மீத்தேன் பெருமளவு குறைகிறது, தண்ணீரும் மிச்சம். சொந்தத்தில் யாராவது நெல் போடுகிறவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பல பேருக்கு முறை தெரியும். வாய்க்காலில் முறைவைத்து வரும் தண்ணீரை நம்பிக் காயவிடப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

கடைசியாக ஃபிரிட்ஜ். வயலிலும் மண்டியிலும் தப்பிப் பிழைத்து, நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் குலுங்கி வந்த காய்க்குப் பெரிய ஆபத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கிறது. போன வாரம் வாங்கி மறந்துபோன அரைக்கட்டு கொத்தமல்லி இப்போதும் அங்கே இருக்கும். முழுதாகக் கறுப்பதற்குள் எடுத்து இன்றைக்கே சட்னி அரைத்துவிடுங்கள்.